கரும்பேந்திய முருகனும் காலண்டர் முருகனும்

செட்டிகுளம் மலைமேல் நிற்கும் தண்டாயுதபாணியின் கையில் கரும்பு இருக்கும். பெரம்பலூர்ப் பக்கத்தில் அவருக்கு அந்தக் கரும்புதான் அடையாளம். ஆனால் கடைகள் தரும் தினசரி காலண்டரில் வருவது பெரும்பாலும் வேலும் மயிலுமாக நிற்கும் பொது முருகன். பக்தி குறைந்ததால் அல்ல, படம் விலைபோகும் முறை அப்படி.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். ஏஜென்டுகள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள். கடைக்காரர் புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பார். அட்டையில் அவர் கடைப் பெயர் ஏறும். ஆக, படத்துக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர், அதைச் சுவரில் மாட்டுபவர் வேறொருவர். எந்த வீட்டுக்கும் ஒத்துப்போகும் படத்தைத்தான் கடைக்காரர் கேட்பார். சில கிராமங்களுக்கு மட்டும் வேண்டிய கரும்புக்கு அந்த ஆல்பத்தில் இடம் கிடைப்பது கடினம்.

இருந்தும் இந்த முறையை ஒதுக்க எனக்கு மனமில்லை. 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகம், நிறத்துக்கொரு கல் வைத்து அச்சிட்டு, அரண்மனை ஓவியத்தைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜு (1898–1976) எழுதிய தெய்வங்கள் தமிழ்நாட்டுப் பூஜையறைகளை நிறைத்தன. நாடகத் திரைச்சீலை எழுதிப் பழகிய கை அது. அவருடைய படங்கள் பலவற்றின் ஓரத்தில் சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும். பட்டறை உழைப்பை இப்படி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது பெரிய குணம்.

கோளாறு கூலியில் இருக்கிறது. மூலப் படத்துக்கு ஒரு தொகை வாங்கியதோடு ஓவியரின் கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பிறகு எத்தனை ஆயிரம் ஓடினாலும் லாபம் அச்சிட்டவருக்கே. அச்சோவியர்கள் இதற்கு நேர்மாறு. தகட்டைச் செதுக்கியோ அமிலத்தில் அரித்தோ 25 பிரதி எடுத்தால், ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் 3/25 என்பதுபோல் எண்ணிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு தகட்டைக் கீறிவிடுவதும் உண்டு. கணக்கு சுத்தம், ஓவியருக்கு மரியாதை. ஆனால் பெருக்குவதற்கென்றே வந்த கலையை வேண்டுமென்றே குறுக்கி, விலையை ஏற்றி, சாதாரண வீட்டுக்கு எட்டாமல் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரதியைக் குறுக்காமலே ஓவியருக்கு உரியதைக் கொடுக்க வழி உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைத்தவர் தன் பெயரைக் கோர இடம் தருகிறது. பிரதிக்கு இவ்வளவு என்று ஓவியருக்குப் பங்கு எழுதிக்கொள்ளவும் எந்தத் தடையும் இல்லை. எத்தனை அச்சாயிற்று என்பது அச்சகத்தின் ஆர்டர் புத்தகத்திலேயே இருக்கிறது. டிஜிட்டல் அச்சில் இப்போது இருநூறு முந்நூறு பிரதி எடுப்பதும் கட்டுப்படியாகிறது. செட்டிகுளத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, பக்கத்து ஊர் ஓவியர் ஒருவரிடம் கரும்பு முருகனை எழுதி வாங்கி, தங்கள் கடைப் பெயருக்கு மேலே அவர் பெயரையும் போட்டு, அடுத்த ஆடிக்கு முன்பே அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.