நாலு கோடிக்கு வந்த மாயக்காரர்

கொல்கத்தா நைட் ரைடர்ஸ் ஏலத்தில் செய்த ஆகச் சிறந்த வியாபாரம் எது? இந்த ஊரில் இப்படிக் கேட்டால் டீ ஆறும்வரை சண்டை நடக்கும். என் பதில் தயாராக இருக்கிறது: 2019 டிசம்பரில், இதே கொல்கத்தாவில் நடந்த ஏலத்தில், 4 கோடி ரூபாய்க்குத் தமிழ்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்ரவர்த்தியை எடுத்தது. அன்று அதே அணி பேட் கம்மின்ஸுக்கு 15.5 கோடி கொட்டியதால் பேச்செல்லாம் கம்மின்ஸைப் பற்றித்தான். லேக் மார்க்கெட்டுப் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் நாங்கள் மட்டும் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஏலத்தில் பஞ்சாப் அணி வருணை 8.4 கோடிக்கு வாங்கியிருந்தது. 2019 மார்ச் 27 அன்று அவருடைய முதல் ஐபிஎல் ஆட்டம், அதுவும் எங்கள் ஈடன் கார்டன்ஸில். முதல் ஓவரிலேயே 25 ரன். அடித்து நொறுக்கியவர் யார் தெரியுமா? எங்கள் அணியின் சுனில் நரைன்! அந்த சீசனில் பஞ்சாபுக்காக வருண் ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான். ஒன்பதே மாதத்தில், அடித்தவரும் அடிவாங்கியவரும் ஒரே சட்டைக்குள். இப்படிக் கதை எழுதினால் எந்த ஆசிரியரும் நம்ப முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

வீரர்கள் இப்படி அணி மாறுவது ஏலத்தில் மட்டும் அல்ல. அமெரிக்க பேஸ்பாலில் பாதி சீசனில், ஜூலை முடியும் தறுவாயில், அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்வது ஒரு திருவிழா. நம் ஐபிஎல்லிலும் 2018 முதல் நடு சீசன் மாற்றத்துக்கு ஒரு வாசல் வைத்தார்கள். இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடாதவர்களைக் கைமாற்றலாம் என்று அப்போது விதி. அந்த வாசலைப் பெரிதாக யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நமக்குத் திருவிழா ஏலம்தான், அப்புறம் மாற்று வீரர்கள். 2024 சீசனுக்கான ஏலத்தில் யாரும் சீண்டாத பில் சால்ட், ஜேசன் ராய் விலகியதால் எங்கள் அணிக்குள் வந்து 435 ரன் குவித்தார். பிளே ஆஃபுக்கு முன் அவர் இங்கிலாந்து திரும்ப, குர்பாஸ் கையுறையை மாட்டிக்கொண்டார். கோப்பை வந்தது.

ஆனால் அந்த 2024ஐ நான் கொண்டாடுவது மட்டையாளர்களுக்காக அல்ல. பந்து வீசியவர்களுக்காக! மார்ச் 23, ஈடனில் ஹைதராபாத்துக்கு எதிரான முதல் ஆட்டம். 24.75 கோடிக்கு வந்த மிட்செல் ஸ்டார்க்கின் 19ஆவது ஓவரில் 26 ரன். விக்கெட்டே இல்லாமல் அவர் மொத்தம் கொடுத்தது 53. கடைசி ஓவரில் 13 தடுக்க வேண்டும். எதிரே பேய் பிடித்ததுபோல் ஆடிக்கொண்டிருந்த கிளாசன். பந்தை வாங்கியவர் 20 லட்சத்து ஹர்ஷித் ராணா. முதல் பந்து சிக்ஸர். அப்புறம் பையன் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டு கிளாசனையும் சாய்த்து, 4 ரன்னில் ஜெயிக்க வைத்தான். எஸ்பிளனேடுவரை நடந்த கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருந்தது, என்னையும் சேர்த்து.

ஏப்ரல் 26ஐச் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் 261 அடித்தோம். பஞ்சாப் 8 பந்து மிச்சம் வைத்து 262 அடித்தது. அதுவரையிலான டி20 வரலாற்றிலேயே மிகப் பெரிய துரத்தல், 42 சிக்ஸர். பந்துவீச்சாளர்களுக்கு மனித உரிமையே இல்லாத அந்த இரவில் நரைன் 4 ஓவரில் கொடுத்தது 24 ரன், ஒரு விக்கெட்டும் எடுத்தார். மழையில் குடையில்லாமல் நடந்து நனையாமல் வீடு சேர்ந்தவர்போல! 2012இல் 24 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் ஆனாரே, அதே மனிதர், அதே கல் முகம். வருணுக்கு அன்று 3 ஓவரில் 46. மூன்று நாள் கழித்து அதே ஈடனில் டெல்லிக்கு எதிராக 4 ஓவர், 16 ரன், 3 விக்கெட். பக்கத்து இருக்கை பெங்காலி தாதா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "உங்க ஊர்ப் பையன் பாருங்க தாதா!" என்றார். ஏதோ நானே பந்து போட்டதுபோல் பெருமையாக வாங்கிக்கொண்டேன்.

வருணின் கதையே தனி ருசி. பள்ளியில் விக்கெட் கீப்பர். பிறகு ஆட்டத்தை விட்டுக் கட்டடக் கலை படித்தார். திரும்பி வந்து வேகப்பந்து போட்டார். முழங்காலில் அடிபட்டதும் சுழலுக்கு மாறினார். 2021 உலகக் கோப்பை கைகொடுக்காதபோது, பக்கவாட்டில் சுழற்றுவதை விட்டு, பந்து முன்னோக்கிச் சுழன்று எகிறும்படி வீச்சையே மாற்றிக்கொண்டார். பலனைப் பாருங்கள்: 2023இல் 20 விக்கெட், 2024இல் 21. 2025 ஜனவரியில் ஈடனில் இந்தியாவுக்காக இங்கிலாந்தின் ஹாரி புரூக்கை கூக்ளியில் போல்டாக்கினார். புகைமூட்டத்தில் பந்து தெரியவில்லை என்றார் புரூக். சரி, அடுத்த ஆட்டம் சேப்பாக்கம், பனியுமில்லை புகையுமில்லை. மறுபடியும் போல்டு! ஐயா, இதற்கு என்ன சொல்வீர்கள்?

2024 இறுதியாட்டமும் சேப்பாக்கத்தில்தான். ஸ்டார்க்கின் முதல் ஓவரில் அபிஷேக் சர்மாவின் ஸ்டம்பு பறந்தது. ஹைதராபாத் 113க்குச் சுருண்டது. ஐபிஎல் இறுதியாட்டங்களிலேயே குறைந்த ஸ்கோர். 24.75 கோடியும் அந்த ஒரு பந்துக்கே சரியாகப் போயிற்று என்று இன்றும் வாதாடுவேன்.

பிறகு நடந்தது வயிற்றெரிச்சல். ஷ்ரேயஸ் ஐயர் பஞ்சாபுக்கு, ஸ்டார்க் டெல்லிக்கு, சால்ட் பெங்களூருக்கு. 2025இல் எங்களுக்கு எட்டாமிடம். அந்தச் சீசனிலும் பஞ்சாபை 111க்குச் சுருட்டியவர்கள் ஹர்ஷித், வருண், நரைன். அதே ஆட்டத்தில் 95க்குச் சுருண்டவர்கள் நம் மட்டையாளர்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்த அணியின் சாமர்த்தியம் வாங்குவதில் மட்டும் இல்லை, வைத்துக்கொள்வதிலும் இருக்கிறது. 2025 நவம்பரில் ரஸ்ஸலையே விடுவித்தவர்கள், வருணையும் நரைனையும் விடவில்லை. அடுத்து வந்த ஏலத்தில் கேமரூன் கிரீனுக்கு 25.20 கோடியா? தாராளமாகக் கொடுங்கள், கேட்க மாட்டேன். ஏழாவது ஓவரிலிருந்து பதினைந்தாவது ஓவர்வரை அந்த இருவரும் பந்தைக் கையில் எடுக்கட்டும். டிக்கெட் என்ன விலை விற்றாலும் நான் ஈடனில் இருப்பேன்!