கணக்கு முந்தியதா, கட்டளை முந்தியதா?

சென்னை அடையாற்றில் உள்ள ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தை அண்மையில் ஆராய்ந்தோம். அடிப்படைப் பாடங்களுள் பைத்தான் மொழிக்கு முன்பாகக் ‘கணினிவழிச் சிந்தனை’ நிற்கிறது. கடை ரசீதுகளையும் மதிப்பெண் அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, வேண்டியதை எடுத்துக் கூட்டும் முறையை அது பழக்குகிறது. இதுவே செவ்விய வரிசை.

மதரஸாவில் நாம் பாகப்பிரிவினைக் கணக்குப் பயின்றதும் இவ்வாறே. இறந்தவரின் கடன் எவ்வளவு, வஸிய்யத் எவ்வளவு, வாரிசுகள் யாவர் என்று வரிசையாகச் சொன்ன பின்னரே உஸ்தாது எண்ணை எழுத விடுவார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தம் அல்ஜப்ர் நூலில் பெரும்பகுதியை இப்பங்கீட்டுக்கே ஒதுக்கினார். அவர் பெயரின் திரிபே கணினியார் வழங்கும் ‘அல்காரிதம்’.

ஆயின், நாம் கண்ட கல்லூரி மாணவர் சிலரின் நிலை வேறு. வணிகத் தகவல் முறைமை பயிலும் அவர்கள், நிரலை நெட்டுருச் செய்து ரெக்கார்டு நோட்டில் படியெடுக்கின்றனர், பேரேட்டைப் புரட்டியதில்லை. வணிகக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இந்நிலை என்பது வேதனை. ஐ.ஐ.டி. படிப்பிலோ, உண்மையான வணிக நிறுவனமொன்றின் விவரங்களைத் திரட்டி ஆராயும் செயல்திட்டம் உண்டு. பயிற்றுமொழி ஆங்கிலமாயிருப்பது அதன் குறை. கடைக்காரர் தமிழில் சொல்லும் கணக்கை மாணவர் பெயர்த்தே எண்ண நேர்கிறது.

பெற்றோர், “எத்தனை கணினி மொழி கற்றாய்?” என வினவ வேண்டா. தியாகராய நகர்க் கடையொன்றின் ஒருநாள் வரவு செலவை ஒழுங்குபடச் சொல்லுமாறு கேட்கட்டும். அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கணினி மொழி எளிதில் வசப்படும்.