கசகசா வயலும் பாசறையும்

1841 மே மாதக் கடைசியில், காண்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி என்ற ஊருக்குப் பக்கத்தில், கொட்டும் மழையில் ஒரு படைக்கூறு வழிதவறி நின்றது. பிரிட்டிஷாரின் 37ஆவது மதராஸ் காலாட்படையைச் சேர்ந்த சிப்பாய்கள் அவர்கள். மருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஈட்டியும் மண்வெட்டியுமாகச் சீன உழவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அயலாரை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்த முதல் நாள்களில் ஒன்றாகச் சீனா இன்றும் அதைப் போற்றுகிறது. அந்தச் சிப்பாய்களைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. பீகாரில் விளைந்து கல்கத்தாவில் ஏலம்போன அபினுக்காகச் சென்னை மாகாணத்துக் குடியானவன் மகன் கப்பலேறிப்போய்ச் சீனக் குடியானவனோடு மோதினான்.

போதைப்பொருளையும் போரையும் சேர்த்துப் பார்க்கும் எழுத்து கடந்த அரை நூற்றாண்டில் ஒரு தனித் துறையாக வளர்ந்திருக்கிறது. துறையின் வரைபடம் வேண்டுமென்றால் பீட்டர் ஆண்ட்ரியாஸ் 2020இல் வெளியிட்ட ‘கில்லர் ஹை’ போதும். மது, புகையிலை, காபி-தேநீர், அபின், ஆம்பெட்டமைன், கொக்கெய்ன் என ஆறு பொருள்களை எடுத்துக்கொள்கிறார். போதையேறிச் சண்டையிடுவது, போதை வருவாயில் படை நடத்துவது, அந்த வருவாய்க்காகவே படையெடுப்பது, போதைக்கு எதிராகப் போர் தொடுப்பது, போர் ஓய்ந்தபின் ஊரில் தங்கிவிடும் போதை என்று அந்த உறவை வகை பிரிக்கிறார். தெளிவான நூல்தான். ஆனால் அதை மூடிவைத்த பிறகு ஒரு முகமும் நினைவில் நிற்பதில்லை. இந்தத் துறையில் என்னைத் தொட்டவை, விளைவித்தவனுக்கும் கடன்பட்டவனுக்கும் அருகில் போய் உட்கார்ந்த நூல்கள்.

ரோல்ஃப் பவர் 2019இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய அபின் உழவர்களைப் பற்றியது. காசிப்பூர், பாட்னா ஆலைகளுக்குக் கசகசாப் பால் கொடுத்த குடும்பங்கள் அந்த நூற்றாண்டின் இறுதியில் பத்து லட்சத்துக்கும் மேல். அரசு கொடுத்த விலை பயிரிட்ட செலவுக்கே போதவில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார் பவர். பிறகு ஏன் பயிரிட்டார்கள்? விதைப்பதற்கு முன்பே அபின் இலாகா கையில் முன்பணம் வைத்தது. நிலவாடகைக் கெடு நெருங்கும்போது உழவனுக்கு வேறு காசு கிடையாது. ஜமீன்தாரின் நெருக்கடி ஒருபுறம், இலாகாவின் அதிகாரம் மறுபுறம். முன்பணம் வாங்கியவன் பின்வாங்கினால் தண்டனை என்று 1857ஆம் ஆண்டு அபின் சட்டம் எழுதியே வைத்தது. அபினை விற்றுக் கொழித்த அரசுக்கு நிலவரிக்கு அடுத்த பெரும் வருவாய்களில் ஒன்றாக அது இருந்தது.

இதே வயலை அமிதவ் கோஷ் 2008இல் ‘சீ ஆஃப் பாப்பீஸ்’ நாவலில் எழுதினார். அதில் வரும் தீத்தியின் கணவன் போரில் காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய். காசிப்பூர் அபின் ஆலையில் வேலை, அபினுக்கே அடிமை. போரும் போதையும் கூலியும் ஒரே உடம்பில் வந்து கூடியதைக் காட்ட வரலாற்றாசிரியருக்குப் பல அத்தியாயங்கள் வேண்டும். கோஷுக்கு ஒரு குடிசை போதுமாயிருந்தது.

சீனத் தரப்பில் விவாதம் இன்னும் சூடானது. சீன ஆணையர் லின் ஸெசு 1839இல் ஹூமனில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளை அழித்ததும், அதைச் சாக்கிட்டு வந்த போரும், 1842 நான்கிங் உடன்படிக்கையும் பலரும் அறிந்தவை. அபின் ஒரு நாகரிகத்தையே படுக்கவைத்தது என்பதுதான் நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை. ஷெங் யாங்வென் 2005இல் வேறு கோணத்தைத் திறந்தார்: அரசவையிலும் செல்வர் வீட்டிலும் விருந்தோம்பலின் அடையாளமாக இருந்த அபின் எப்படிப் படிப்படியாகக் கூலிக்காரன் கைக்கு வந்தது என்று பண்பாட்டு வழியில் தேடினார். ஃப்ராங்க் டிகோட்டரும் இணை ஆசிரியர்களும் 2004இல் ஒருபடி மேலே போய், புகைத்தவர்களில் பெரும்பாலோர் அளவோடு புகைத்தவர்கள்தான் என்றும், தடைதான் மக்களை மார்பின் ஊசிக்கும் ஹெராயினுக்கும் தள்ளியது என்றும் வாதிட்டார்கள். இரண்டாவது பாதியை ஏற்கிறேன். முதல் பாதி, பீரங்கி வைத்துத் திறக்கப்பட்ட சந்தையை வெறும் நுகர்வோர் விருப்பமாகச் சுருக்கிவிடும் ஆபத்து கொண்டது.

வியட்நாம் போர் இந்தத் துறைக்கு இரண்டு அடிப்படை நூல்களைத் தந்தது. ஆல்ஃபிரட் மெக்காய் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோதே லாவோஸ் மலைகளுக்குப் போனார். அமெரிக்க உளவுத்துறை ஆதரித்த ஹ்மாங் படைகளின் பகுதியில் அபின் எப்படி வானூர்தி ஏறியது என்று விசாரித்து 1972இல் நூலாக்கினார். அச்சேறும் முன் கையெழுத்துப் படியைப் பார்க்க வேண்டும் என்று சி.ஐ.ஏ. கேட்டது, பார்த்தது, மறுப்பும் எழுதியது. பதிப்பகம் அதை ஏற்காமல் நூலை வெளியிட்டது.

இரண்டாவது, சமூகவியலாளர் லீ ராபின்ஸ் நடத்திய ஆய்வு. என் மதிப்பில் இந்தத் துறை முழுவதிலும் மிக முக்கியமானது இதுதான். வியட்நாமில் ஹெராயின் மலிவு, தூய்மையும் அதிகம். சிகரெட்டில் கலந்து புகைத்தாலே போதும். போதைப் பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்று அமெரிக்க அதிபர் நிக்ஸன் 1971 ஜூனில் அறிவித்தார். அடிமைப்பட்ட படைவீரர்கள் ஊருக்கு வந்து தெருவெங்கும் நிரம்பிவிடுவார்கள் என்ற அச்சம் பரவியிருந்தது. அந்தச் செப்டம்பரில் ஊர் திரும்பிய ஏறத்தாழ 900 பேரைத் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டது ராபின்ஸின் குழு. ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகியிருந்தார். ஆனால் அப்படி அடிமையானவர்களில் ஊருக்கு வந்த முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. பலர் நம்ப மறுத்தார்கள். ஒருமுறை தொட்டால் மீட்சியில்லை என்ற பழைய நம்பிக்கையை அந்த எண் உடைத்தது. காடும் சாவும் சலிப்பும் சூழ்ந்திருந்தபோது பற்றிக்கொண்டதை, வீடும் வேலையும் மனைவி மக்களும் கிடைத்ததும் அவர்களால் விட முடிந்தது. அந்த வீடும் வேலையும் இல்லாத ஊருக்குத் திரும்புகிறவன் என்ன செய்வான் என்பது ராபின்ஸின் ஆய்வு நமக்கு விட்டுச்சென்ற கேள்வி.

அண்மையில் அதிகம் விற்றது நார்மன் ஓலர் 2015இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல். டெம்லர் நிறுவனத்தின் பெர்விட்டின் என்ற மெத்தாம்பெட்டமைன் மாத்திரை, 1940இல் பிரான்ஸ் படையெடுப்புக்காக ஜெர்மன் படைகளுக்குப் போன மூன்றரைக் கோடி மாத்திரைகள், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிக் பெல் போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதிப் பெர்விட்டின் கேட்ட கடிதங்கள் என விறுவிறுப்பாகப் போகும். ஆனால் நாஜிக் கொடுமைகளின் பொறுப்பை மாத்திரையின் தலையில் இறக்கிவைக்கிறது என்று வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் எவன்ஸ் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு.

இதைவிட ஜப்பானின் அனுபவம் நமக்கு அதிகம் சொல்கிறது. மெத்தாம்பெட்டமைனை 1893இல் முதலில் உருவாக்கிய நாடு அது. போர்க்காலத்தில் படைக்கும் ஆலைக்கும் ‘ஹிரோபொன்’ என்ற பெயரில் ஊட்டிய அந்த மருந்து, 1945க்குப் பின் சிதைந்த நகரங்களில் கடைச்சரக்கானது. விடிய விடிய எழுதுவதற்காக சகாகுச்சி அங்கோ, ஒதா சகுனொசுகே போன்ற எழுத்தாளர்கள் அதை உட்கொண்டார்கள். தோல்வியுற்ற தலைமுறையின் இலக்கியத்துக்குள்ளேயே அந்த மருந்து ஓடுகிறது. 1951இல் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1954இல் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

ஆப்கானிஸ்தானைப் பற்றி டேவிட் மான்ஸ்ஃபீல்ட் எழுதிய ‘எ ஸ்டேட் பில்ட் ஆன் ஸாண்ட்’ (2016) தவிர்க்க முடியாதது. தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து வயல்களில் உழவர்களோடு பேசியவர். அபின் கெடாது, சாலையில்லாத ஊரிலும் வியாபாரி வாசலுக்கு வந்து வாங்குவான், வரப்போகும் அபினைக் காட்டி முன்கூட்டியே கடன் பெறலாம், அதைச் ‘சலாம்’ என்பார்கள். நிலமில்லாதவனுக்கு வாரத்துக்கு நிலம் கிடைப்பதே கசகசா போடுவதால்தான். தலிபான்களின் முதல் தடைக்குப் பின் 2001இல் 185 டன்னாக விழுந்த விளைச்சல், அமெரிக்கப் படைகள் அங்கே இருந்த 2007இல் 8,200 டன்னாக ஏறியது. வயலை அழித்தால் சலாம் கடன் அழியாது. கட்டமுடியாத தகப்பன் மகளைக் கடன்காரனுக்கு மணமுடித்துக் கொடுத்ததை ஹெராத்தில் பிறந்த ஃபரிபா நவா ‘ஓபியம் நேஷன்’ நூலில் (2011) பதிவு செய்திருக்கிறார். அந்தப் பக்கங்களைப் படித்தபின் ‘ஹெக்டேர் கணக்கில் ஒழிப்பு’ என்ற அறிக்கை மொழி எனக்குச் சகிக்கவில்லை. 2022 ஏப்ரலில் தலிபான்கள் மீண்டும் தடை விதித்தார்கள். அடுத்த ஆண்டே சாகுபடிப் பரப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குறைந்தது. ராணுவ ஆட்சியில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த மியான்மர் அபினில் முதலிடத்துக்கு வந்தது.

தமிழில் இந்தத் துறை தொடங்க வேண்டிய இடம் ஈழம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’, 2014இல் ‘ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்’ என்ற நூல்களில் போர் தனிமனத்தை மட்டுமல்லாமல் ஊரையும் உறவையும் நம்பிக்கையையும் எப்படிக் குலைத்தது என்று எழுதினார். போர் முடிந்த 2009க்குப் பின் வடக்கில் கசிப்பு என்ற கள்ளச்சாராயமும், கடல்வழி வரும் கேரளக் கஞ்சாவும், ஹெராயினும், ‘ஐஸ்’ என்ற மெத்தாம்பெட்டமைனும் பேச்சாகியிருக்கின்றன. இளையோரைப் பிடித்துச் சிறையில் அடைப்பதும் கட்டுப்பாடு போதவில்லை என்று பெரியவர்கள் நொந்துகொள்வதும் நடக்கின்றன. ராபின்ஸ் செய்ததுபோல வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வு அங்கே வேண்டும். மீள்குடியேறியவருக்கு நிலம் திரும்பியதா, கடற்றொழிலுக்கு வலையும் படகும் கிடைத்தனவா, நுண்கடன் வாரத் தவணைக்கு அந்த வீட்டுப் பெண் எங்கே போகிறாள், காணாமல் ஆக்கப்பட்ட தகப்பனைப் பற்றி மகனிடம் யார் பேசினார்கள், அவன் கையில் அந்தப் பொட்டலத்தை முதலில் வைத்தது யார்?