சங்கர்லாலின் போலீஸ் கண்

கறுப்புக் கண்ணாடி, தொப்பி, 'துணிவே துணை'. தமிழ்வாணன் பற்றி நம் விமர்சகர்கள் இதற்கு மேல் பேசியது குறைவு. வெகுஜனக் குப்பை என்று தள்ளிவிட்டால் வேலை முடிந்தது!

தேவகோட்டைக்காரர். 1948இல் தொடங்கிய கல்கண்டுக்கு 1977இல் சாகும்வரை ஆசிரியர். அவருடைய சங்கர்லால் பெர்லின் போவார், நியூயார்க் போவார். போன இடமெல்லாம் நல்ல தமிழில் பேசித் தேநீர் குடிப்பார். வெள்ளைக்காரன் தந்த கதைச் சட்டகத்துக்குள் தமிழனை உலகக் குடிமகனாக நிறுத்திய இந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் சங்கர்லாலும் போலீசும் ஒரே பக்கம். எது குற்றம் என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்வி அந்தப் பிரதிக்குள் நுழைவதே இல்லை.

இதே கண்ணோடுதான் வரலாற்றுக்குள்ளும் போனார். 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்று புத்தகமே போட்டார். ம.பொ.சி. கட்டிய வீரபிம்பத்தில் கைவைக்கத் துணிச்சல் வேண்டும்தான். பாளையக்காரர்கள் குடியானவனிடம் பிடுங்கியதும் பொய்யில்லை. ஆனால் 'கொள்ளைக்காரன்' யாருக்கு வேண்டிய சொல்? 1799இல் கயத்தாறில் தூக்கில் போட்ட கம்பெனிக்காரனுக்கு. அவன் எழுதிவைத்த காகிதம் ஒருவகை எஃப்.ஐ.ஆர். துப்பறிகிறவன் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மன் கதைப்பாடல் மறுதரப்புச் சாட்சி. அதையும் குறுக்குவிசாரணை செய்யலாம், தப்பில்லை.

பட்டினப்பாக்கம் குப்பத்துப் பக்கம் போய்க் கேளுங்கள். "சந்தேகக் கேஸுன்னு புடிச்சிட்டுப் போனாங்க" என்று ஒரு தாய் சொல்வாள். மறுநாள் பேப்பரில் அவள் மகனுக்குப் பெயர் 'ரவுடி'.