அதிரி மூலமும் ஓர் எடுகோளும்

வெடிமருந்தின்றி, பாரவண்டியொன்றின் தகட்டை நிலத்தில் அழுத்தி அதிரச்செய்து பாறைப்படைகளை ஆராயும் வைப்றோசைஸ் முறையைக் கிறோபோட், டோற்றி, லீ என்போர் 1960இல் விளக்கியெழுதினர். 8 ஹேர்ட்ஸிலிருந்து 80 ஹேர்ட்ஸ் வரை, எடுத்துக்காட்டாக, மீடிறன் ஏறிச்செல்லும் நீண்ட அதிர்வைப் பதிவோடு இணைபுபடுத்தினால், ஒவ்வொரு தெறிப்பும் குறுகிய துடிப்பாகச் சுருங்கும். இத்துடிப்பு பூச்சிய அவத்தையுடையது. மையத்தின் இருபுறமும் சமச்சீரானது.

இடர்ப்பாடு இங்கேதான். துடிப்பின் சாயலைப் பதிவினின்று நீக்கும் டீகொன்வலூசன் கணிப்பு, றொபின்சன் 1954இல் எம்.ஐ.ரி.க்கு அளித்த ஆய்வேட்டின் வழிவந்தது. துடிப்பின் சக்தி தொடக்கத்திலேயே திரண்டிருக்கும், அதாவது துடிப்பு இழிவு அவத்தையுடையது, என்பது அதன் எடுகோள். வெடிக்கு அது ஏறத்தாழப் பொருந்தும், அதிரிக்குப் பொருந்தாது. பொருந்தாதவிடத்துப் பிரயோகிப்பினும் விளைவு கூர்மையாகவே தோன்றும். ஆனால் படையெல்லையின் நேரம் பிறழும், சிலவேளை குறியும் மாறித் தெரியும். படம் கண்ணுக்கு இனிதாயிருப்பதால் பிழை பிடிபடுவதில்லை.

துடிப்பை முதலில் இழிவு அவத்தைக்கு மாற்றிக்கொள்வது வழக்கமான பரிகாரம். அது அரைப் பரிகாரமே என்பேன். அதிர்வின் மீடிறன் எல்லைக்கு வெளியே சக்தி இல்லை. கணிப்புக் குலையாதிருக்கச் சிறிதளவு வெண் இரைச்சலைச் சேர்க்கின்றனர். அவ்வளவைத் தெரிபவர் அவத்தையையும் தம்மையறியாமலே தெரிகின்றார். மூலம் அறியப்படாத வெடிக்கென எழுந்த ஊகத்தைத் தாமே வடிவமைத்த அதிர்வின்மீதும் சுமத்துவானேன்? தகட்டிலும் திணிவிலும் ஆர்முடுகலை அளந்து நிலவிசையைப் பெற்று, அதனைக்கொண்டே மூலத்தின் சாயலை நீக்கலாம். உயர் மீடிறன்களில் தகடு வளைவதால் அவ்வளவீடும் பிசகும் என்பது உண்மையே. ஆயினும் அப்பிசகை அளந்து திருத்த இடமுண்டு.