முதுவாய்ப் பெண்டிரின் படபடப்பு

வெறியாட்டுப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போது பெரும்பாலும் தலைவியோடு நின்றுவிடுகிறோம். வெறிபாடிய காமக்கண்ணியாரின் அகநானூறு 22-ஆம் பாடலில், மெலிந்துபோன மகளைக் கண்டு தாய் கலங்குகிறாள். முருகனை வழிபட்டால் தணியும் என்கிறார்கள் முதுவாய்ப் பெண்டிர். களம் அமைத்து, பலி தூவி, நள்ளிரவில் வெறியாட்டு நடக்கிறது. அதே இரவில் காவலுக்குத் தப்பித் தலைவன் வந்துவிட, நோய் தீர்கிறது. தலைவி சிரிக்கிறாள். நோயின் காரணம் ஒன்று, வீட்டார் செய்த வைத்தியம் இன்னொன்று என்பதால் வந்த சிரிப்பு அது.

அந்த முதுவாய்ப் பெண்டிருக்கே நெஞ்சு படபடத்தால் யார் காரணம் சொல்வது? பாட்டில் அவர்கள் பிறர் நோயைக் கணிக்க மட்டுமே வருகிறார்கள். இளமை கடந்தோரின் காதலைத் தொல்காப்பியம் பெருந்திணையில் வைத்தது. மெய்ப்பாட்டியல் அச்சத்துக்குச் சொல்லும் நிலைக்களன்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்கும் ஆளுக்கு வெளியே இருப்பவை. காரணம் புலப்படாமல் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு கிழவியை எழுப்பி உட்காரவைக்கும் பயத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் அறுபது தாண்டிய பெண்கள் பலர் மனச்சோர்வு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார்கள். கணவர் இறந்தபோதோ தூக்கம் கெட்டபோதோ தொடங்கியதாக இருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் 'நரம்பு மாத்திரை'. சீட்டு முடிந்தது, மதுரைக்குக் கூட்டிப்போக ஆளில்லை, "எத்தனை நாளைக்குத்தான் இதத் தின்பே" என்று மகன் சலித்துக்கொண்டான் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒருநாள் நின்றுபோகிறது. சில நாளில் கிறுகிறுப்பு, குமட்டல், கெட்ட கனவு, காரணமற்ற அழுகை, மண்டைக்குள் ஷாக் அடித்ததுபோன்ற அதிர்வு. வீட்டார் இதை வயசுக் கோளாறு என்கிறார்கள், அல்லது காத்துக் கருப்பு. மருத்துவரிடம் போனாலும், பழைய நோய் திரும்பிவிட்டது என்றே முடிவாகிவிடலாம்.

மருத்துவ நூல்களும் இதை நெடுங்காலம் சிறியதாகத்தான் வாசித்தன. இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டுதல் 2009-இல், இந்தத் தொந்தரவுகள் பொதுவாக லேசானவை, சுமார் ஒரு வாரத்தில் தானே அடங்கும் என்றது. மாத்திரையை நிறுத்திப் பல மாதம் துன்பப்பட்டவர்கள் விடாமல் பேசிய பிறகு, 2019-இல் அந்த வாசகம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் ஒரு விளக்கம் தந்தார்கள். இவ்வகை மாத்திரைகள் வழக்கமான குறைந்த அளவிலேயே மூளையின் செரட்டோனின் கடத்திகளில் சுமார் 80 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் அளவைப் பாதியாக்கினாலும் பிடிப்பு பாதியாகக் குறைவதில்லை; கடைசிச் சில மில்லிகிராமில்தான் செங்குத்தாகச் சரிகிறது. மாத்திரையை உடைத்துப் பாதி, பிறகு கால், பிறகு ஒன்றுமில்லை என்று இறங்குபவர் கடைசிப் படியில் விழுவது அதனால்தான்.

எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. 2024-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, நிறுத்தியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் அறிகுறிகள் வந்ததாகச் சொன்னது. ஆனால் வயதானவருக்குக் கிறுகிறுப்பு என்பது வெறும் கிறுகிறுப்பு அல்ல. ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

அகப்பாடலில் தாயின் தவறான கணிப்பைத் திருத்துபவள் தோழி. அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். பக்கத்தில் இருந்து, நாள் பார்த்து, எது எதன் பின் வந்தது என்று அவளுக்குத் தெரியும். முதுமையில் பெண்ணுக்கு அப்படி ஒருத்தி இருப்பதில்லை. மகளோ மருமகளோ பேத்தியோ அந்த இடத்துக்கு வரவேண்டியிருக்கிறது. மாத்திரையின் பெயர், மில்லிகிராம், குறைத்த தேதி, தொந்தரவு தொடங்கிய தேதி இவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்து மருத்துவர் முன் வைக்கலாம். குறைத்த சில நாளிலேயே புதிதாகத் தலைக்குள் அதிர்வும் கிறுகிறுப்பும் வந்தால், அது பழைய நோயல்ல, மாத்திரை விட்டதன் விளைவாக இருக்கக்கூடும். திடீரென்று நிறுத்தாமல், மருத்துவர் துணையோடு மாதக்கணக்கில் படிப்படியாக இறங்கலாம். தாங்காவிட்டால் முந்தைய அளவுக்குத் திரும்புவதில் வெட்கமில்லை. தொடர்ந்து சாப்பிடவேண்டியவர்கள் சாப்பிடுவதிலும் வெட்கமில்லை. கூட்டிப்போக ஆளில்லாத நாளில் அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் வீட்டுப் பெரியவள் காரணமில்லாமல் பயப்படுகிறாள் என்றால், பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போவதும் போகாததும் அவள் விருப்பம். அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆத்தா, அந்த மாத்திரைய எப்ப விட்டே?"