முதல் கால் சுற்று

பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் கையால் செய்யும் ஆன்டெனாக்களில் என் ஓட்டு எப்போதும் சுருளுக்குத்தான். ஒரு வட்டத் தகடு, அதிலிருந்து முன்னோக்கி நீளும் செம்புக் கம்பிச் சுருள், தகட்டின் முதுகில் ஒரு கனெக்டர். யாகி ஆன்டெனா என்றால் ஒவ்வொரு குச்சியையும் அளந்து அளந்து வெட்ட வேண்டும். அலைநீளம் குறையக் குறைய, மில்லிமீட்டர் பிசகினாலும் பலன் குறையும். சுருள் அப்படிப் படுத்தாது. சுற்றுகள் கொஞ்சம் கோணியிருக்கட்டும், இடைவெளி அங்கங்கே முன்பின் இருக்கட்டும், அது தன் வேலையைச் செய்துவிடும். இந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் இருக்கும் காரணம், அதன் வடிவத்தைவிட அழகானது.

1946-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விஞ்ஞானி உரையாற்ற வந்தார். பயண அலைக் குழாய் என்ற மின்னணுக் குழாய் பற்றிய பேச்சு. அந்தக் குழாய்க்குள் எலெக்ட்ரான் கற்றையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பேச்சு முடிந்ததும் பேராசிரியர் ஜான் கிராஸ், இந்தச் சுருளையே ஆன்டெனாவாக வைத்தால் என்ன என்று கேட்டார். சரிப்படாது, நானே முயன்று பார்த்துவிட்டேன் என்று அடித்துச் சொல்லிவிட்டார் வந்தவர். அவர் அடித்துச் சொன்னதுதான் கிராஸை யோசிக்க வைத்தது. குழாய்க்குள் இருக்கும் சுருளின் சுற்றளவு அலைநீளத்தில் சிறு பங்குதான். அதையே பெரிதாக்கி, ஒரு சுற்றுக்கு ஓர் அலைநீளம் வரும்படி செய்தால்? அன்று மாலையே வீட்டின் நிலவறையில் ஏழு சுற்றுச் சுருள் ஒன்றைச் சுற்றி, தன்னிடமிருந்த 12 சென்டிமீட்டர் அலை இயற்றியோடு இணைத்தார். சுருளின் திறந்த முனையிலிருந்து கூர்மையான கற்றையாக அலை வெளியேறியது. கிராஸும் ஒரு ஹாம். அவருடைய அழைப்புக் குறியான டபிள்யூ 8 ஜே.கே. என்ற பெயரிலேயே இன்னொரு ஆன்டெனாவும் உண்டு. பிற்பாடு 1950-களின் தொடக்கத்தில் 96 சுருள்களை வரிசையாக நிறுத்தி ஒரு ரேடியோ தொலைநோக்கியே கட்டினார்.

ஒரு சுற்று ஓர் அலைநீளம் என்பதில் என்ன இருக்கிறது? கம்பியில் ஓடும் மின்னோட்டத்தின் முகடு, ஓர் அதிர்வுக்குள் ஏறத்தாழ ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. எதிரே நின்று பார்த்தால் மின்புலத்தின் திசை கடிகார முள் போலச் சுழலும். அதனால் வெளியேறும் அலையும் சுழன்றுகொண்டே போகிறது. ஒவ்வொரு சுற்றிலிருந்தும் புறப்படும் அலைகள் முன்பக்கம் ஒன்றோடொன்று கைகோத்தால்தான் கற்றை உருவாகும். சுற்றளவோ அலைநீளமோ சற்று மாறினால் அந்தக் கைகோப்பு கெட வேண்டும் அல்லவா? கெடுவதில்லை. கம்பியில் ஓடும் அலை தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்து, முன்பக்கம் எல்லாம் சேரும்படி பார்த்துக்கொள்கிறது. யாரும் அதை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது அந்தக் குணம். ஆன்டெனாக் கலையில் இதற்கு ஈடாக நான் வியக்கும் விஷயம் வேறில்லை.

கணக்கில் வைத்துப் பார்த்தால் இந்தத் தாராளம் இன்னும் நன்றாகத் தெரியும். 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்று ஓர் அலைமாற்றி இருக்கிறது. கியூ.ஓ.-100 என்று பெயர். புவிநிலைச் சுற்றுப்பாதையில் ஹாம்களுக்குக் கிடைத்த முதல் இடம் அதுதான். சென்னையிலிருந்து பார்த்தால் மேற்கே, சற்றே தெற்காக, சுமார் 27 டிகிரி உயரத்தில் அசையாமல் நிற்கிறது. அதற்கு அனுப்ப 2,400 மெகாஹெர்ட்ஸ், அதாவது 12.5 சென்டிமீட்டர் அலை. கிராஸ் நிலவறையில் சுற்றியதும் ஏறத்தாழ இதே அளவுதான். சுருளின் விட்டம் 4 சென்டிமீட்டர், சுற்றுக்குச் சுற்று இடைவெளி 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சுற்றளவு அலைநீளத்தில் முக்கால் பங்கிலிருந்து ஒன்றே கால் பங்குக்கு மேல் வரை எங்கே இருந்தாலும் கற்றை முன்னோக்கியே போகும். விட்டம் மூன்றாக இருந்தாலும் ஐந்தாக இருந்தாலும் சுருள் கைவிடாது.

சுற்றும் வேலையும் இதமானது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பியின் ஒரு முனையை வைஸில் கடிக்கவைத்து இழுத்தால் வளைவு நெளிவெல்லாம் போய், கம்பி நேராகிச் சற்று விறைக்கும். வேண்டிய விட்டத்தைவிடச் சிறிய பைப்பின்மேல் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். கையை எடுத்ததும் சுருள் உடலைத் தளர்த்திக்கொண்டு விரியும், சரியான அளவுக்கு வந்து நிற்கும். பிறகு திருகு திருகாக இழுத்து இடைவெளி விடலாம். பைப்பை உள்ளேயே விட்டுவைப்பது எனக்கு உவப்பில்லை. பிளாஸ்டிக் அலையை மெதுவாக்கும், கணக்கு நழுவும். மெல்லிய அக்ரிலிக் பட்டையில் துளையிட்டுக் கம்பியை அதன் வழியே திருகி ஏற்றினால் சுருள் காற்றில் நிற்பது போல் இருக்கும். பார்வைக்கும் அதுதான் லட்சணம்.

எல்லாவற்றையும் மன்னிக்கும் சுருள் ஒன்றை மட்டும் மன்னிக்காது: சுற்றும் திசை. கியூ.ஓ.-100 வலப்பக்கம் சுழலும் அலையைத்தான் ஏற்கும். சாதாரண போல்ட்டில் இருப்பது வலமரை, சைக்கிளின் இடது பெடலில் இருப்பது இடமரை. வலமரை போலச் சுற்றிய சுருள் வலச்சுழல் அலையை அனுப்பும். மாற்றிச் சுற்றினால் செயற்கைக்கோளின் காதுக்கு அநேகமாக ஒன்றுமே எட்டாது. நேர்கோட்டில் அதிரும் அலையை அனுப்பினாலோ பாதிச் சக்தி வீண். தாழப் பறக்கும் ஹாம் செயற்கைக்கோள்களுக்குச் சுழல் அலை வேறு வகையில் கைகொடுக்கிறது. 2005 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இஸ்ரோவின் ஹாம்சாட்டுக்கு, அது 2014-ல் ஓயும்வரை, 435 மெகாஹெர்ட்ஸில் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த அலைக்குச் சுருளின் விட்டம் 22 சென்டிமீட்டர். பத்துச் சுற்று வைத்தால் நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். வானத்தில் செயற்கைக்கோள் புரளும், அயனி மண்டலமும் தன் பங்குக்கு அலையின் தளத்தை முறுக்கிவிடும். நேர்கோட்டு ஆன்டெனாவில் குரல் அமிழ்ந்து அமிழ்ந்து எழும். சுழலும் அலைக்கு எந்தக் கோணமும் ஒன்றுதான்.

சுருளைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணை அதன் நீளத்தில் ஓடவிடுவார்கள். நான் அடியில் குனிந்து, தகட்டிலிருந்து கம்பி புறப்படும் முதல் கால் சுற்றைப் பார்ப்பேன். செய்தவரின் கைத்திறன் முழுக்க அங்கேதான் இருக்கிறது. சுருளின் மின்மறுப்பு ஏறத்தாழ 140 ஓம், கேபிளினுடையது 50. நேரடியாக இணைத்தால் சக்தியில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். கிராஸ் இதற்கான எளிய வழியை 1977-ல் எழுதினார், சுருளைக் கண்டு முப்பது ஆண்டு கழித்து. முதல் கால் சுற்றில் கம்பியோடு ஒரு மெல்லிய தகட்டுப் பட்டையைச் சேர்த்துச் சால்டர் செய்து, அது அடித்தகட்டை ஒட்டிப் புறப்பட்டு மெல்ல மெல்ல விலகி ஏறும்படி வளைக்க வேண்டும். ஐம்பது ஓம் அப்படியே நூற்று நாற்பதாக ஏறிவிடும், இடையில் படிக்கட்டு எதுவும் இல்லாமல்.

இதைச் சரிசெய்வதைப் பார்க்க வேண்டும். திரும்பி வரும் சக்தியை அளக்கும் கையடக்க வி.என்.ஏ. கருவியைக் கனெக்டரில் மாட்டினால் திரையில் ஒரு கோடு. நடுவில் எங்கோ ஒரு பள்ளம். மூங்கில் குச்சியால் பட்டையை மயிரிழை அழுத்த, பள்ளம் ஆழமாகும். இன்னும் கொஞ்சம் அழுத்த, மேலேறிவிடும். விரலால் தொட்டால் விரலே ஆன்டெனாவின் பகுதியாகிவிடும், அதனால்தான் குச்சி. ஒவ்வொரு முறையும் கையை எடுத்து, ஓரடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். சுருளில் அரை சென்டிமீட்டரைப் பொருட்படுத்தாத அதே ஆன்டெனா, இந்த இரண்டு விரற்கடை இடத்தில் அரை மில்லிமீட்டருக்குக் கணக்குக் கேட்கிறது.

நீளத்தின் மீதான மோகம் எனக்குப் புரிவதில்லை. சுற்றுகளை இரட்டிப்பாக்கினாலும் பலன் இரட்டிப்பாவதில்லை. பழைய சூத்திரம் சொல்லும் அளவுக்கு நீண்ட சுருள்கள் தருவதில்லை என்பதைப் பின்னாளைய அளவீடுகள் காட்டிவிட்டன. பன்னிரண்டு, பதினைந்து சுற்றோடு நிறுத்திவிட்டு டிஷ்ஷுக்குப் போய்விடுவதே மேல். அங்கே மூன்று சுற்றுச் சுருளே போதும், டிஷ்ஷைப் பார்த்தபடி குவியத்தில் நிற்கும். ஆனால் அதை இடமரையாகச் சுற்ற வேண்டும். டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது இடச்சுழல் வலச்சுழலாகிவிடும். கியூ.ஓ.-100-லிருந்து கீழே வருவதோ 10,489 மெகாஹெர்ட்ஸ். அதைப் பிடிக்கச் சிலர் அடித்தகட்டின் நடுவில் துளையிட்டு, டிவி டிஷ்ஷின் எல்.என்.பி. என்னும் அலைவாங்கியை அதில் பொருத்திவிடுகிறார்கள். சுருள் அதைச் சுற்றி நிற்கிறது. அனுப்புவதும் கேட்பதும் ஒரே குவியத்தில். இத்தனை நெருக்கடியிலும் அந்த முதல் கால் சுற்றுக்கு அவர்கள் எப்படி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.